வராதவன் சீட்டு

ஜெயவேலு காம்பவுண்டுச் சுவரின்மேல் ஒரு காலைப் போட்டு, இன்னொரு காலால் கேட்டை உதைத்துக்கொண்டிருந்தபோது, கீழே ஆட்டோக்காரர் இன்ஜினை அணைக்காமலே கேட்டார்.

"போலீஸ் வந்தா நான் இன்னா சொல்றது?"

"என் மாமா வீடுன்னு சொல்லுங்க."

"மாமா வூட்டுக்கு எவன்யா செவுரு ஏறிப் போவான்?"

சுவர் உச்சியில் பதித்திருந்த கண்ணாடிச் சில்லு புது பேண்டைக் கவ்விப் பிடித்திருந்தது. மஸ்கட் போய் இறங்கும்போது போட்டிருக்க வேண்டும் என்று தைத்த பேண்ட். அவன் இழுத்தான். துணி கிழிந்த சத்தம் அஸ்தினாபுரத்தின் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் தெருமுனை வரை கேட்டது.

ஆட்டோவுக்குள் பெரிய சூட்கேஸைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவன் அம்மா அங்காளம்மாள். முகத்தில் கவலை இருந்தது. குற்ற உணர்வு துளியும் இல்லை.

"மாமா இல்லேன்னா என்னடா, பை எங்க ஓடிப்போவுது? சாயங்காலம் வாங்கிக்கலாம்."

"பையில என்னம்மா வச்சிருக்கே? ரெண்டு வேட்டி, ஒரு துண்டு. அது இல்லாமலே போயிடறேன்னுதான் சொன்னேன். நீதான் கேக்கல."

அங்காளம்மாள் சூட்கேஸின் கைப்பிடியைத் தடவினாள். "பாஸ்போட்டும் டிக்கெட்டும்கூட அதுலதான்டா வச்சேன்" என்றாள்.

ஜெயவேலுவுக்குச் சுவர்மேல் உட்கார்ந்திருப்பது மறந்துபோனது.

*

அஸ்தினாபுரத்துப் பழைய குடும்பங்களுக்கு வெள்ளிக்கிழமை மேற்கே போவது ஆகாது. அன்றைக்கு மேற்கே சூலம். இந்த விஷயம் விமானக் கம்பெனிக்குத் தெரியாததால், மஸ்கட் விமானத்தை வெள்ளிக்கிழமையில் வைத்திருந்தார்கள். மஸ்கட் மேற்கே இருந்தது. அதை யாராலும் மாற்ற முடியவில்லை.

ஆனால் பரிகாரம் உண்டு. அதற்குப் பெயர் பரஸ்தானம். முந்தின நாள் நல்ல நேரம் பார்த்து, பயணம் போகிறவனுடைய பை ஒன்றைப் பக்கத்தில் உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அத்துடன் பயணம் வியாழக்கிழமையே ஆரம்பித்துவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போனால், சூலம் ஒன்றும் செய்யாது. அவன்தான் நேற்றே கிளம்பிவிட்டானே.

பையில் ஒரு துணி வைத்தால் போதும் என்பார்கள். அங்காளம்மாளுக்குப் போதவில்லை. துணி இல்லாமல்கூட ஒருத்தன் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். எது இல்லாமல் போகவே முடியாதோ அதை வைத்தால்தானே உண்மையில் கிளம்பினதாகும் என்று யோசித்தாள். மகன் குளிக்கப் போயிருந்த நேரத்தில் சூட்கேஸைத் திறந்து, பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் எடுத்து, மஞ்சள் துண்டில் சுற்றி, ரெக்ஸின் பையின் அடியில் வைத்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜெயவேலு கத்தியிருப்பான், நல்ல நேரம் போயிருக்கும்.

பையை வாங்கி வைத்துக்கொண்டவர் அவளுடைய தம்பி குப்புராஜ். அவர் வீட்டுக் கேட்டில்தான் இப்போது பூட்டு தொங்கியது.

பக்கத்து வீட்டுப் பச்சையம்மா துணி உலர்த்தியபடியே மாடியிலிருந்து தகவல் சொன்னாள். குப்புராஜ் குடும்பத்தோடு சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போயிருக்கிறாராம். மருமகன் பறக்கப் போகிறான் என்று நரசிம்மருக்கு வேண்டுதல்.

"பையையும் எடுத்துக்கினுதான் போனாரு" என்றாள். "ஆளில்லாத வூட்ல பரஸ்தானம் வெக்கக் கூடாதாமே. துபாய் ப்ளேன்லாம் ராத்திரிலதான் போவும், சாயந்திரம் வந்து குடுத்துக்கலாம்னாரு."

"துபாய் இல்ல, மஸ்கட். நாலு மணிக்கு" என்றான் ஜெயவேலு.

பச்சையம்மா துணியைக் கீழே விட்டாள்.

*

குரோம்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. அது திறந்திருந்த நாளை யாரும் பார்த்ததில்லை. மின்சார ரயில் ஒன்று தாம்பரத்துக்குப் போய், இன்னொன்று பீச்சுக்குப் போய், கேட் மேலே எழும்பியபோது ஜெயவேலு சட்டை நனைந்து உட்கார்ந்திருந்தான்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது மெட்டில்டாவின் டிராவல்ஸ். ஒரு மேஜை, ஒரு போன், சுவரில் ஒரு விமானப் படம், அதன் பக்கத்தில் வேத வசனக் காலண்டர். அவனுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். நாற்பது வயது. எந்த விமானம் எத்தனை மணிக்கு எங்கே இறங்கும் என்பதை ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம்போலத் தடுமாறாமல் சொல்வாள்.

உள்ளே அவளோடு ஒருவர் நின்றிருந்தார். உயரமான ஆள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையை இன் பண்ணி, கறுப்பு ஷூவைப் பளபளவென்று தேய்த்து, எங்கேயோ கிளம்பத் தயாராக இருந்தார். மேஜைமேல் கார் சாவி. அது அவள் கணவர் தனசிங் என்பதே ஜெயவேலுவுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஜெயவேலு நடந்ததை ஒரே மூச்சில் சொன்னான். கடைசியில், "அடுத்த ஃப்ளைட்டுக்கு மாத்திக் குடுத்துடுங்க மேடம்" என்றான்.

"பையன் சொல்றது நியாயம்தானே" என்றாள் அங்காளம்மாள். "இந்த பஸ்ஸை விட்டா அடுத்த பஸ்."

மெட்டில்டா அவளை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அப்புறம்தான் பேசினாள். அவள் சொன்னதன் சாரம் இது. பஸ்ஸை விட்டால் விட்டதுதான், யாரும் கேட்க மாட்டார்கள். விமானத்தில் அப்படி இல்லை. சீட்டு உறுதியான ஒருத்தன், முன்னால் சொல்லாமல், கவுண்டர் மூடுகிற நேரத்துக்கு வந்து நிற்கவில்லை என்றால், அவனுக்கு ஒரு பெயர் வைப்பார்கள். நோ-ஷோ. அது அவன் செய்த காரியத்தின் பெயர் மட்டுமில்லை, அவனுடைய பெயரே அதுதான். "இன்னைக்கு எத்தனை நோ-ஷோ?" என்று கவுண்டரில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள், "எத்தனை மூட்டை?" என்று கேட்பதுபோல. அந்தப் பெயர் விழுந்த நிமிஷத்தில் போகிற சீட்டும் போச்சு, அதே டிக்கெட்டில் திரும்பி வருகிற சீட்டும் போச்சு. அவன் இடத்தில் ஏற வேறு ஒருத்தன் பெட்டியோடு காத்திருப்பான். அவனுக்கும் ஒரு பெயர் உண்டு. ஸ்டாண்ட்-பை. ஒரு நோ-ஷோ விழுந்தால் ஒரு ஸ்டாண்ட்-பை ஏறுவான்.

"டிக்கெட்டை அழுது கெஞ்சியாவது நான் சரிபண்ணிடுவேன்" என்று முடித்தாள். "உன் விசாவை என்ன பண்றது? இன்னைக்கு ராத்திரிக்குள்ள நீ அங்க இறங்கலேன்னா அது வெறும் காகிதம். அடுத்த ஃப்ளைட் செவ்வாய்க்கிழமை."

அங்காளம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வெல்டிங் பட்டறையில் மூன்று வருஷம் கண் எரிய உழைத்து, டெஸ்ட்டில் பாஸாகி, மகன் வாங்கிய விசா அது.

தனசிங் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டே முக்கால். பிறகு மனைவியைப் பார்த்தார். மெட்டில்டாவும் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை சற்று நீளமாக இருந்தது. காரை இரவல் கொடுக்க யோசிக்கிறார்கள் என்று ஜெயவேலு நினைத்தான்.

"யோசிச்சுக்கோங்க" என்றாள் மெட்டில்டா.

"யோசிச்சாச்சு." தனசிங் சாவியை எடுத்துக்கொண்டார். "கவுண்டர் மூணு மணிக்குத்தான் மூடுவாங்க. போயிட்டு வந்துடலாம். தம்பி, பெட்டியைத் தூக்கு."

படியில் இறங்கும்போது அவள் போனில் பேசுவது ஜெயவேலுவின் காதில் விழுந்தது. விமான நிலையத்தில் கவுண்டரில் இருக்கும் சம்பத்திடம் பேசினாள். "பாசெஞ்சர் ஜெயவேலு வந்துகிட்டிருக்காரு. கவுண்டர் மூடற வரைக்கும் நோ-ஷோ போட்டுடாதீங்க." அந்தப் பக்கம் சம்பத் ஏதோ நீளமாகக் கேட்டான் போலிருக்கிறது. "தெரியும் சம்பத். தெரிஞ்சுதான் சொல்றேன்" என்றாள்.

கீழே ஒரு பழைய கிரீம் கலர் ஃபியட் நின்றது. ஜெயவேலு சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனான்.

"டிக்கி வேணாம்" என்றார் தனசிங். "பூட்டு ரிப்பேர். பின் சீட்டுல போடு."

*

விமான நிலையம் வடக்கே இருந்தது. வண்டி தெற்கே பறந்தது.

தாம்பரம் தாண்டும்வரை ஜெயவேலு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பெருங்களத்தூர் தாண்டியதும் தனசிங் அவன் கையைத் தட்டி, கடிகாரத்தைக் கழற்றி டேஷ்போர்டுக்குள் போடச் சொன்னார். "நீ பார்க்கிறதால அது மெதுவா ஓடாது."

வேகமாக ஓட்டினார் என்று சொன்னால் பாதிதான் உண்மை. வேகமாக ஓட்டுகிறவர்கள் பதறுவார்கள். இவர் பதறவில்லை. லாரிக்குப் பின்னால் போகும்போதே அதற்கு முன்னால் என்ன வருகிறது என்று தெரிந்தவர்போலத் திருப்பினார். வண்டலூர் தாண்டி ரோடு காலியாகக் கிடந்த ஒரு இடத்தில் மட்டும் வண்டி மெதுவாக வலது பக்கம் நகர்ந்து, அங்கேயே நேராக ஓட ஆரம்பித்தது. எதிரே ஒரு மாட்டுவண்டி தெரிந்தது.

"அண்ணா, ரைட்டுல போறீங்க."

"அட, ஆமா." இடது பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். "கை தானா போகுது."

ஜெயவேலு மூச்சுவிட்டான். பயம் வேறு பக்கம் திரும்பியது. அவன் இடத்துக்காகக் காத்திருக்கும் அந்த ஸ்டாண்ட்-பை ஆளை நினைக்க ஆரம்பித்தான். இந்நேரம் ஏ.சி.யில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பான். வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான். ஜெயவேலு என்கிற பெயரில் எவனும் வந்துவிடக் கூடாது என்று குலதெய்வத்துக்குக் காசு முடிந்திருப்பான். நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. ஊரப்பாக்கத்திலிருந்து கூடுவாஞ்சேரிவரை அந்த முகம் தெரியாத ஆளை, அவன் பரம்பரையை, அவன் ஏறப்போகிற வாகனங்களை எல்லாம் வாய்விட்டுத் திட்டித் தீர்த்தான்.

தனசிங் ரசித்துக் கேட்டார். ஒரு இடத்தில் மட்டும் குறுக்கிட்டார். "அவன் அம்மாவை விட்டுடு. பாவம், அந்தம்மா செத்துப்போயிருக்கலாம்."

"சும்மா இருங்கண்ணா. அவனுக்கு மட்டும் என் சீட்டு கிடைச்சா..."

"கிடைச்சா என்ன? அவன் லீவு முடிஞ்சு போறவனா இருப்பான். போகலேன்னா லேட்டா போய் மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிப்பான். ரெண்டு மூணு தடவை லேட்டாகியிருந்தா வேலையும் போகலாம். இது எத்தனாவது தடவையோ, யாருக்குத் தெரியும்."

"போகட்டும். நல்லா வேணும்."

"உனக்கு விசாவே போயிடும். அதனால உன் பக்கம்தான் கனம். அதுல சந்தேகம் இல்ல." தனசிங் ஒரு பஸ்ஸை முந்திவிட்டுத் தொடர்ந்தார். "ஆனா ஒண்ணு தம்பி. ஸ்டாண்ட்-பைக்காரன் திருடன் இல்ல. வராதவன் இடத்துலதான் அவன் உக்காரணும். வர்றவனை வழியில நிறுத்திட்டு உக்காந்தா, அதுக்குப் பேர் வேற."

"பாஸ்டர் மாதிரி பேசறீங்க."

"என் பொண்டாட்டி அப்படித்தான் பேசுவா. கேட்டுக் கேட்டு ஒட்டிக்கிச்சு."

*

சிங்கப்பெருமாள் கோவிலில் நடை சாத்தும் நேரம். மண்டபத்தில் குப்புராஜின் மனைவி காந்திமதியும் பெண்களும் புளியோதரைப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். குப்புராஜ் இல்லை. மலையை வலம் வரப் போயிருக்கிறார் என்றாள் காந்திமதி. பை? பையையும் தலையில் வைத்துக்கொண்டுதான். நரசிம்மரைச் சுற்றிய பை என்றால் இன்னும் விசேஷமாம்.

இங்கே பெருமாள் குகைக்குள் இருக்கிறார். அவரைச் சுற்ற வேண்டுமானால் குன்றையே சுற்ற வேண்டும்.

"நீ வலமா ஓடு" என்றார் தனசிங். "நான் எதிர்ப்பக்கமா வர்றேன். எங்கே இருந்தாலும் நடுவுல மாட்டுவாரு."

ஷூவைக் கழற்றிவிட்டு, கஞ்சி போட்ட சட்டையோடு பாறைப் பாதையில் ஓடினார். ஜெயவேலு மறுபக்கம் ஓடினான். குன்றின் பின்புறம் அவன் போய்ச் சேர்ந்தபோது, குப்புராஜ் தலையில் பையுடன் உறைந்து நின்றிருந்தார். எதிரே தனசிங், இரண்டு கைகளையும் விரித்து வழியை மறித்துக்கொண்டிருந்தார்.

குப்புராஜுக்குப் பையைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. "அப்பிரதட்சணமா வர்றீங்களே சார். இது இன்னா கோவிலு, இன்னா மலைன்னு தெரியுமா?"

"நான் கிறிஸ்தவன்யா. எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். ஃப்ளைட் நாலு மணிக்கு."

குப்புராஜின் கண்கள் விரிந்தன. பையை இறக்கினார். அந்த அவசரத்திலும் முறையை விடவில்லை. கிழக்கே பார்த்து நின்று, இரண்டு கையாலும் பையை மருமகனிடம் கொடுத்தார்.

"வாங்கிக்க. வாங்கிட்டியா? இனிமே ப்ளேன்ல ஏறி உக்கார்ற வரைக்கும் பின்னாடி திரும்பிப் பாக்காதே. யாரு கூப்ட்டாலும் பாக்காதே. பாத்தா பரஸ்தானம் ஒடஞ்சிடும்."

மஞ்சள் துண்டுக்குள் பாஸ்போர்ட் இருந்தது. டிக்கெட் இருந்தது. ஜெயவேலு அவற்றைச் சட்டைக்குள் போட்டு, மேலே பொத்தானைப் பூட்டினான். நேரே முன்னால் பார்த்தபடி ஓடினான். குப்புராஜும் கூடவே ஓடிவந்து வண்டியில் ஏறிவிட்டார். தன்னால்தான் இவ்வளவும் என்ற வருத்தம் அவருக்கு. குடும்பம் ரயிலில் வந்துகொள்ளும்.

*

தாம்பரம்வரை எல்லாம் சரியாகப் போனது. சானடோரியம் பக்கத்தில் ஒரு லாரி அச்சு முறிந்து, செங்கல்லைப் பாதி ரோட்டில் கொட்டிவிட்டு நின்றிருந்தது. அதற்குப் பின்னால் பஸ், வேன், சைக்கிள், மாட்டுவண்டி என்று ஒரே அடைப்பு.

ஜெயவேலு டேஷ்போர்டைத் திறந்து கடிகாரத்தை எடுக்கப் போனான். தனசிங் அவன் கையைத் தட்டினார்.

"பின் சீட்டுக்குப் போ. பெட்டியை முன்னால தள்ளு. மாமா மடியில தலை வச்சுப் படு. கண்ணை மூடிக்கோ."

"எதுக்குண்ணா?"

"சொன்னதைச் செய். மாமா, அந்தத் துண்டை நனைச்சு அவன் நெத்தியில போடுங்க. ஜன்னல் வழியா கையை நீட்டுங்க. மேலயும் கீழயும் ஆட்டாதீங்க, வழியை ஒதுக்கற மாதிரி பக்கவாட்டுல ஆட்டுங்க."

ஹெட்லைட்டைப் போட்டார். ஹாரனை அடித்தார். சும்மா அடிக்கவில்லை, நீளமாக ஒன்று, நிறுத்தம், மறுபடி நீளமாக ஒன்று. அந்தச் சத்தத்தில் ஏதோ இருந்தது. முன்னால் நின்ற வேன்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, யோசிக்காமல் ஒதுங்கினார். பஸ் கண்டக்டர் இறங்கி, சைக்கிள்களைத் தள்ளி வழி செய்தார். குப்புராஜ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அவர் வாழ்நாளில் செய்த மிகச் சிறந்த நடிப்பைச் செய்தார்.

"வழி வுடுங்கய்யா. ஒத்தப் புள்ளைய்யா. உசிரு ஊசலாடிக்கினு கீது."

"எனக்கு ரெண்டு அக்கா இருக்காங்க மாமா" என்றான் ஜெயவேலு கண்ணை மூடியபடி.

"செத்தவன் பேசக் கூடாது. படு."

இடது சக்கரங்கள் மண்ணில், வலது சக்கரங்கள் செங்கல் தூளில். ஃபியட் ஒரு பக்கம் சாய்ந்தபடியே லாரியைத் தாண்டியது. யாரோ ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டதாகக் குப்புராஜ் சொன்னார்.

"எங்கண்ணா கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?"

"வேலை பார்க்கிற இடத்துல."

"எங்க வேலை பார்க்கறீங்க?"

"படுத்துக்கிட்டே இரு தம்பி. பல்லாவரம் சிக்னல் இன்னும் இருக்கு."

பல்லாவரமும் விட்டது. அதற்கு முன்னால் குரோம்பேட்டையைக் கடந்தபோது மருந்துக்கடை மாடியிலேயே காத்திருந்த அங்காளம்மாள் கை ஆட்டியிருக்கிறாள். படுத்திருந்ததால் அவன் பார்க்கவில்லை. மருமகன் திரும்பிப் பார்க்காமலே போனதை அவளிடம் சாட்சி சொல்லத் தன்னால் முடியும் என்று குப்புராஜ் சந்தோஷப்பட்டார்.

*

மீனம்பாக்கத்தில் வண்டி நின்றபோது கவுண்டர் மூட ஐந்து நிமிஷம்கூட இல்லை. குப்புராஜை வாசலில் காவலர் நிறுத்திவிட்டார். டிக்கெட் உள்ளவர்கள் மட்டும்தான் உள்ளே. ஜெயவேலு சட்டைக்குள்ளிருந்து டிக்கெட்டை உருவிக் காட்டிவிட்டு ஓடினான். சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஷூச் சத்தம் வந்தது. தனசிங்கையும் உள்ளே விட்டுவிட்டார்கள். எப்படி என்று ஜெயவேலு யோசிக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. மாமாவின் சட்டம்.

மஸ்கட் கவுண்டரில் கூட்டம் இல்லை. எல்லாரும் உள்ளே போய்விட்டிருந்தார்கள். ஒரே ஒரு இளைஞன், கழுத்துப் பட்டையைத் தளர்த்திவிட்டு, பேனா மூடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். சட்டையில் சம்பத் என்று பெயர்.

"ஜெயவேலு?"

"ஆமா சார். வந்துட்டேன்."

சம்பத் பேனாவை மூடினான். பாஸ்போர்ட்டைப் புரட்டினான், விசாவின் தேதியைப் பார்த்தான், கிழிந்த பேண்டைப் பார்த்தான், ஈரத் துண்டின் மஞ்சள் கறை படிந்த நெற்றியைப் பார்த்தான். சூட்கேஸ் தராசில் ஏறி, சீட்டு ஒட்டி, ரப்பர் பட்டையில் நகர்ந்து, சுவரிலிருந்த ஓட்டைக்குள் போய் மறைந்தது. போர்டிங் பாஸ் அவன் கைக்கு வந்தது. ஜன்னலோர இடம்.

ஜெயவேலுவின் கால்களில் அதுவரை இல்லாத பலம் வந்தது. அவன் நோ-ஷோ இல்லை. அந்தப் பெயர் அவன்மேல் விழவில்லை. வெற்றி பெற்றவனுக்குத் தோற்றவனைப் பார்க்க ஆசை வரும், அவனுக்கும் வந்தது. வழியெல்லாம் திட்டின ஆளை ஒரு தடவை முகத்தோடு பார்த்துவிட வேண்டும்.

"சார், என் சீட்டுக்கு ஒரு ஸ்டாண்ட்-பை ஆளு காத்துக்கிட்டிருந்தாராமே. அவர் போயிட்டாரா?"

சம்பத்தின் கண்கள் ஜெயவேலுவின் தோளைத் தாண்டி, பின்னால் போய் நின்றன.

"ஸாரி தனசிங் சார்" என்றான். "ஸ்டாண்ட்-பையில ஃபர்ஸ்ட் நீங்கதான். இன்னைக்கு ஒரு நோ-ஷோகூட இல்ல. எல்லாரும் வந்துட்டாங்க."

ஜெயவேலு திரும்பிப் பார்த்தான்.

தனசிங் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கச் செங்கல் தூசி. பாக்கெட்டில் அவருடைய டிக்கெட்டின் நுனி தெரிந்தது. முகத்தில் வருத்தம் ஏதாவது இருக்கிறதா என்று ஜெயவேலு தேடினான், காணோம்.

"ஏன்டா திரும்பினே? உங்க மாமா என்னைக் கொன்னுடுவாரு" என்றார். "போ. செவ்வாய்க்கிழமை நானும் வந்துடுவேன். மஸ்கட்ல ஆஸ்பத்திரி வாசல்ல வந்து ஆம்புலன்ஸ் தனசிங்னு கேளு, யாரு வேணும்னாலும் காட்டுவாங்க."

வண்டலூரில் வலது பக்கம் போன வண்டி, அந்த ஹாரன், ஒட்டுமொத்த ரோடும் ஒதுங்கின விதம். எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கூடுவாஞ்சேரிவரை திட்டினதும் வந்து நின்றது. கடைசியில் அவன் வாயில் வந்தது ஒரே வார்த்தை.

"டிக்கி..."

"நல்லாத்தான் திறக்கும் தம்பி" என்றார் தனசிங். "காலையிலேருந்து என் பெட்டி உள்ளே இருக்கு."